கட்டுரைக்கு 0, கதைக்கு 18

எங்களுக்குத் தமிழ் படிப்பித்த சேர் போய்விட்டார் என்ற செய்தி ஒக்டோபர் கடைசியில் ஒரு விடியற்காலை வாட்ஸ்அப்பில் வந்தது. 95 யாழ்ப்பாண இடப்பெயர்வுக்கு 30 வருடம் நிறைகிற வாரம். நினைவு மலர்க்குழுவினர் "சேரைப் பற்றி உண்மையாக நடந்த ஒன்றை எழுதித் தாங்கோ" என்று கேட்டார்கள். எனக்கும் அவருக்கும் நடுவில் நடந்தது முழுக்க 'உண்மையாக நடந்தது' என்ற அந்தச் சொல்லைப் பற்றியதுதான்.

1994. கரண்ட் இல்லை. ஜாம் போத்தல் விளக்கில் படித்து, பனம்பழத்தில் உடுப்புத் தோய்த்த காலம். 'என் வாழ்வில் மறக்க முடியாத நாள்' என்று சேர் கட்டுரை தந்தார். நான் அப்பாவைப் பற்றி எழுதினேன். கொழும்புக்குப் போன அப்பா கிளாலிக் கடலால் படகில் இரவோடு இரவாக வந்து சேர்கிறார். படலையடியில் சைக்கிள் மணியை இரண்டு தரம் அடிக்கிறார். சேட்டுக்குள் ஒளித்துக் கொண்டுவந்த வாசச் சவர்க்காரத்தை எடுத்து அம்மாவிடம் கொடுக்கிறார். அம்மா அதைப் பாவிக்காமல் சேலைகளுக்கு நடுவில் வைக்கிறா.

சேர் அதை வகுப்பில் உரத்து வாசித்தார். சவர்க்காரம் வந்த இடத்தில் அவருடைய குரல் கொஞ்சம் இறங்கியது. வாசித்து முடிந்ததும் பின்வாங்கிலிருந்து ஒருவன் எழும்பிச் சொன்னான்: "சேர், இவன்ரை அப்பா வரேல்லை. 93 தையிலை போன படகு, இன்னும் ஒரு தகவலும் இல்லை."

"அப்பிடியோ?" என்று சேர் என்னைக் கேட்டார். நான் தலையாட்டினேன். "கட்டுரை எண்டு சொல்லிக் கதை எழுதக் கூடாது" என்று சொல்லி, கொப்பியில் போட்டிருந்த 18ஐ வெட்டினார். மணி அடிக்கும்வரை விறாந்தையில் நின்றேன். மற்ற வகுப்புப் பிள்ளைகள் என்னைப் பார்த்துக்கொண்டே போனார்கள். அவமானத்தைவிட, அப்பாவை இரண்டாம் தரம் பறிகொடுத்ததுபோல இருந்ததுதான் தாங்க முடியவில்லை.

அடுத்தநாள் கொப்பி திரும்பி வந்தது. சிவப்பு மையில் இரண்டு வரி: 'கட்டுரைக்கு 0. கதைக்கு 18.'

அன்றைய பாடத்தில் சேர் தொல்காப்பியத்தை எடுத்தார். 'நாடக வழக்கினும் உலகியல் வழக்கினும் பாடல் சான்ற புலனெறி வழக்கம்.' புனைவும் உலக நடப்பும் கலந்துதான் பாட்டு என்றார். பிறகு, காதலைப் பாடும் அகத்திணையில் ஒருவரையும் பெயர் சுட்டக் கூடாது என்ற விதி. "பேரைப் போட்டால் அது அவன்ரை வீட்டுச் சங்கதி. பேரை எடுத்துப் பார். ஊரிலை பிரிஞ்சு கிடக்கிற எல்லாரும் அதுக்குள்ளை வருவினம்." என்னைப் பார்க்காமலேதான் சொன்னார்.

அவரும் ஒருநாள் எங்களுக்கு ஒரு கதை சொன்னார். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்து, 97,000 புத்தகங்கள் போன மறுநாட் காலை, ஒரு கிழவர் இரவல் எடுத்த புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வருகிறார். வாங்க ஆளில்லை. சாம்பல் படாத ஒரு படிக்கட்டாகப் பார்த்துப் புத்தகத்தை வைக்கிறார். மனம் கேட்காமல் திரும்ப எடுத்துக்கொண்டு போகிறார். "உது நடந்ததோ சேர்?" என்று கேட்டோம். சேர் கரும்பலகையைத் துடைக்கத் தொடங்கினார். 97,000 என்ற எண்ணை எத்தனையோ இடத்தில் வாசித்திருக்கிறேன். எனக்கு நூலகம் எரிந்தது அந்தக் கிழவரின் கையில்தான்.

அப்புறம் 95 வந்தது. கொப்பி வீட்டோடு போனது. 97இல் இங்கே, ரொறன்ரோவில், அகதி விசாரணைக்கு என் கதையை எழுதிக் கொடுத்தேன். திகதி பிசகக் கூடாது என்று சட்டத்தரணி சொல்லியிருந்தார். பிசகவில்லை. ஒவ்வொரு எழுத்தும் உண்மை, அதனால்தான் இருக்க இடம் கிடைத்தது. காணாமல் போன பிள்ளையின் படத்தோடு தெருவோரம் இருக்கும் தாய்மாருக்கும் பெயரும் திகதியும்தான் வேண்டும். அங்கே கற்பனை கலப்பது பாவம். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் அந்தக் கடதாசியில் அப்பா ஒரே ஒரு வரி. படலையடியில் இரண்டு தரம் மணி அடிப்பது அவருடைய உண்மையான பழக்கம். அதை யாரும் விசாரணையில் கேட்கவில்லை. நடக்காத அந்தக் கதையில் மட்டும்தான் அது இருந்தது.

2012இல் ஊருக்குப் போனபோது சேரைப் பார்த்தேன். கண் மங்கியிருந்தது. குரலை வைத்து என்னைக் கண்டுபிடித்தார். "எழுதுறியோ?" என்றார். "ஓம் சேர்" என்றேன். எழுதவில்லை. இரண்டு வேலை, வீட்டுக் கடன், பனி என்று 15 வருடம் ஓடியிருந்தது. ஊரில் இருந்திருந்தால் எழுதியிருப்பேனோ என்ற எண்ணம் அந்தத் திண்ணையில்தான் முதலில் வந்தது, இன்னும் போகவில்லை. "அனுப்பு, ஆரையும் கொண்டு வாசிப்பிக்கிறன்" என்றார்.

செய்தி வந்த அன்று வேலைக்குப் போகாமல் ஒரு புதுக் கொப்பி வாங்கினேன். மேலே 'கதை' என்று எழுதினேன். கிளாலியில் படகு கரை தட்டுகிறது, நல்ல இருட்டு, ஒருவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்குகிறார். இன்னும் படலைக்கு வரவில்லை.