பட்ஜெட் பேஸ் ஆம்ப்பும் அந்த கரகர சவுண்டும்

மூணு வருஷமா பேஸ் கிட்டார் வாசிக்கிறேன், அதுல ரெண்டு வருஷம் ஃப்ரெண்டோட பழைய கிட்டார் ஆம்ப்லயே (சத்தத்தைப் பெருசாக்கற பெட்டி) ஓட்டிட்டேன். பண்ணக்கூடாத வேலை அது. பேஸ்ல தடிச்ச ஈ ஸ்ட்ரிங் 41 ஹெர்ட்ஸ், சின்ன கிட்டார் ஸ்பீக்கர் அதைத் தாங்காது. ஒருநாள் ஜாம்ல (எல்லாரும் சேர்ந்து வாசிக்கறப்போ) பர்ர்ர்னு ஒரு சத்தம், நான் வேற டிஸ்டார்ஷன் (வேணும்னே வரவைக்கற கரகரப்பு) செமயா வருதேன்னு குஷியா வாசிச்சுட்டு இருக்கேன், பார்த்தா நிஜமாவே ஸ்பீக்கர் கோன் ஓரம் கிழிஞ்சிருக்கு. ஸ்பீக்கர் மாத்திக் குடுத்தது தண்டச் செலவு.

அப்புறம்தான் 25,000 ரூபாய்க்குள்ள சொந்தமா ஒண்ணு வாங்கிடலாம்னு இறங்கினேன். ஆசை என்னவோ பெருசுதான். மோட்டர்ஹெட் பேண்டோட லெம்மி ரிக்கன்பேக்கர் பேஸை மார்ஷல் சூப்பர் பேஸ் ஆம்ப்ல சொருகி அடிப்பாரே, அந்த கரகரப்பு. இல்லன்னா 1969ல வந்த ஆம்பெக் எஸ்விடி, 300 வாட்ஸ், முழுக்க வால்வ் (பழைய கால கண்ணாடிக் குழாய்), அதோட போற கேபினெட்ல 10 இன்ச் ஸ்பீக்கர் எட்டு, அதுக்குப் பட்டப்பேரே ஃப்ரிட்ஜ். எங்க வீட்ல நிஜ ஃப்ரிட்ஜே கதவை முழுசா திறக்க முடியாம நிக்குது.

கடைக்குப் போனா எல்லாரும் பண்ற தப்பை நானும் பண்ணேன். தனியா உக்காந்து ஆம்ப்ல பேஸ் (கீழ் சத்தம்), ட்ரெபிள் (மேல் சத்தம்) ரெண்டையும் ஏத்திட்டு மிட்டை (நடுச் சத்தம்) இறக்கிட்டா சும்மா தியேட்டர் மாதிரி அதிரும், மயங்கிடுவோம். அதே செட்டிங்கை வச்சு அடுத்த ஜாம்ல அங்க இருந்த ஆம்ப்ல வாசிச்சேன், ரெண்டாவது பாட்டுலயே ட்ரம்மர் குச்சியை நிறுத்திட்டு "மச்சி, நீ வாசிக்கிறியா இல்லையா?"ன்னு கேட்டான். கீழ இருக்கறத கிக் ட்ரம் சாப்பிட்டுடுது, மேல இருக்கறத சிம்பலும் கிட்டார் டிஸ்டார்ஷனும் சாப்பிட்டுடுது, நமக்குன்னு மிச்சம் இருக்கறது மிட் மட்டும்தான், கரகரப்பு காதுக்குத் தெரியறதும் அங்கதான்.

வாட்ஸ் விஷயத்துலயும் ரொம்ப மண்டையை உடைச்சுக்க வேணாம். வாட்ஸ் ரெண்டு மடங்கானா ஏறறது வெறும் 3 டெசிபல், அதனால 40ஆ 50ஆன்னு சண்டை போடறது வேஸ்ட், ஸ்பீக்கர் 8 இன்ச்சா 10 இன்ச்சான்னு பாருங்க. என்னைக் கேட்டா 8 இன்ச் பெட்ரூமுக்கு மட்டும்தான்.

கடைசியா ரெண்டு பேர் லிஸ்ட்ல நின்னாங்க, ஆம்பெக் ராக்கெட் பேஸ் ஆர்பி-110, ஃபெண்டர் ரம்பிள் 40. ரெண்டுலயும் ஓவர்டிரைவ், அதான் அந்த கரகரப்பு, உள்ளயே இருக்கு. ஆம்பெக்தான் எனக்குப் புடிச்சிருந்தது, அதோட அழுக்கு (கரகரப்பைத்தான் சொல்றேன்) இன்னும் கொஞ்சம் நிஜமா இருக்கு, ஆனா செகண்ட் ஹேண்ட்ல கிடைச்சது ரம்பிள். 10 இன்ச் ஸ்பீக்கர், எட்டு கிலோ சொச்சம், பைக் பின்னாடி கட்டிட்டு வந்துட்டேன். வாங்கறதுக்கு முன்னாடி அரை மணி நேரம் ஈ ஸ்ட்ரிங்கை மட்டும் சத்தமா தட்டிப் பார்த்தேன், எல்லா நாபையும் திருகி கர்ருங்குதான்னு கேட்டேன், வித்தவரு ஒருமாதிரி பார்த்தாரு, பரவால்ல.

அதுல இருக்கற டிரைவ் பாதி தாண்டினா அடிச்சத்தம் மெலிஞ்சு கொசு மாதிரி ஆயிடுது. பேஸ்ல டிஸ்டார்ஷன் போட்டா வர்ற பிரச்சனையே இதுதான், அழுக்கு ஏற ஏற அடி காணாமப் போகும். அதுக்குத்தான் சில பெடல்கள்ல (காலால மிதிக்கற எஃபெக்ட் டப்பா) பிளெண்ட் நாப், சுத்தமான சிக்னலையும் அழுக்கையும் கலந்து விடும். அப்படிப்பட்ட பெடல் சான்ஸ்ஆம்ப் பேஸ் டிரைவர் வாங்க காசில்ல, அதே வழில வர்ற பெஹ்ரிங்கர் பிடிஐ21 வாங்கினேன், பிளாஸ்டிக் டப்பா, மிதிக்கும்போது பாவமா இருக்கும். அதுல பிளெண்டை முழுசா திருப்பினா மிட் போயிடும், அதனால நாபை கடிகாரத்துல ரெண்டு மணி இருக்கற பக்கம் நிறுத்திட்டு ஆம்ப்ல லோ மிட்டை ஏத்தி விடறேன், ஆம்ப்போட சொந்த டிரைவ் ஆஃப். பிக் (ஸ்ட்ரிங்கைத் தட்டற சின்ன வில்லை) வச்சு பிரிட்ஜ் பக்கம் (ஸ்ட்ரிங் உடம்புல முடியற இடம்) அடிச்சா லெம்மில கால்வாசி வருது.

போன ஞாயித்துக்கிழமை ஜாம்ல ட்ரம்மர் ஒரு கேள்வியும் கேக்கல, கிட்டாரிஸ்ட்தான் கொஞ்சம் குறைக்கச் சொன்னான்.