ஏபிஎஸ் பிரேக்கை பிடிக்காது, விடும்

பைக்ல ஏபிஎஸ் (பிரேக் அடிக்கும்போது வீல் சுத்தறது நின்னு லாக் ஆகிடாம பாத்துக்கற சிஸ்டம்) இருந்தா பிரேக் பவர் ஜாஸ்தினு நிறைய பேர் நெனச்சிட்டிருக்காங்க. அது செய்யற வேலையே நீங்க பிடிச்ச பிரேக்கை அப்பப்போ கொஞ்சம் விடறதுதான்.

டயர் உருண்டுகிட்டு இருக்கற வரைக்கும்தான் பக்கவாட்டு கிரிப் இருக்கும். பின் வீல் லாக் ஆனா வண்டி வாலாட்டும், சமாளிச்சிடலாம், ஆனா முன் வீல் லாக் ஆச்சுன்னா ஹேண்டில்பார திருப்பியும் பிரயோஜனம் இல்ல, என்னாச்சுனு புரியறதுக்குள்ள கீழ கிடப்போம். சிங்கிள் சேனல் ஏபிஎஸ்ஸ முன் வீலுக்கு மட்டும் குடுக்கறது இதுக்குத்தான்.

முன் டிஸ்க் பக்கம் குனிஞ்சு பாருங்க, உள்பக்கமா ஓட்டை ஓட்டையா ஒரு சின்ன வளையம் இருக்கும், அத ஒட்டின மாதிரி ஒரு சென்சார். வளையம் சுத்த சுத்த சிக்னல் போகும், அதுலருந்து வீல் ஸ்பீடு தெரிஞ்சிடும். சரி, லாக் ஆகப்போகுதுனு ஈசியூ, அதாவது ஏபிஎஸ்ஸ இயக்கற குட்டி கம்ப்யூட்டர், எப்படி கண்டுபிடிக்குது? எனக்கு ரொம்ப புடிச்ச இடம் இது. 60 கிமீ வேகத்துல போற வண்டி நல்ல காஞ்ச ரோட்டுல முழு பிரேக் அடிச்சாலும் நிக்க ஒன்றரை செகண்டுக்கு மேல ஆகும். ஆனா வீல் மட்டும் கண் சிமிட்டற நேரத்துல பூஜ்யத்த நோக்கி இறங்குதுன்னா வண்டி எங்க நிக்குது, டயர்தான் வழுக்குது!

உடனே ஒரு வால்வு மூடி லிவர்லருந்து வர்ற பிரஷர தடுக்கும், இன்னொன்னு திறந்து காலிப்பர்ல (டிஸ்க்க கவ்விப் பிடிக்கற பாகம்) இருக்கற பிரேக் ஆயில கொஞ்சம் வெளிய விடும், வீல் திரும்ப உருள ஆரம்பிச்சதும் பிரஷர் மறுபடி ஏறும், ஒரு செகண்டுக்குள்ளயே இது பல தடவ நடக்கும். வெளிய வந்த ஆயில மோட்டார் பம்ப் திருப்பி அனுப்பும்போதுதான் லிவர் கைல தடதடனு அடிக்குது. பயந்து கைய எடுத்துடாதீங்க, அழுத்திப் பிடிச்சுகிட்டே இருங்க.

இது ஒண்ணும் நேத்து வந்த ஐட்டம் இல்ல, பிஎம்டபிள்யூ கே100 பைக்ல 1988லயே குடுத்துட்டாங்க. ஆனா சாதா ஏபிஎஸ்ஸுக்கு வண்டி எவ்ளோ சாஞ்சிருக்குனு தெரியாது, வளைவுல முழு பிரேக் அடிச்சா அது காப்பாத்தும்னு நம்பாதீங்க. அதுக்கு சாய்வ அளக்கற ஐஎம்யூ வச்ச கார்னரிங் ஏபிஎஸ் வேணும். ஜல்லி, மண்ல ஏபிஎஸ் இருந்தா நிக்கற தூரம் கூடவே ஆகலாம், அதனாலதான் அட்வென்ச்சர் பைக் நிறையத்துல பின் வீல் ஏபிஎஸ்ஸ ஆஃப் பண்ற வசதி இருக்கு.

அப்புறம் மீட்டர்ல இருக்கற அந்த மஞ்ச ஏபிஎஸ் லைட்டு. சாவி போட்டதும் எரியும், வண்டி கொஞ்சம் நகர்ந்தாத்தான் அணையும், வீல் சுத்தாம சென்சார சரியா செக் பண்ண முடியாதே. ஓட்டும்போதும் அணையலன்னா பெரும்பாலும் சாதா பிரேக் வேலை செய்யும், ஏபிஎஸ் மட்டும் இருக்காது. சென்சார்ல சேறு அப்பியிருக்கா, வளையம் நெளிஞ்சிருக்கானு முதல்ல பாருங்க.