எளிதில் பயப்படும் பிள்ளையும் ஹாலோவீன் மாலையும்

மொரீஷியஸில் அக்டோபர் 31 அன்று மாலை ஆறேகால் வரை வெளிச்சம் இருக்கும். எளிதில் பயப்படும் பிள்ளை உள்ள வீட்டுக்கு இது நல்ல வசதி. வேஷம், முகமூடி, பூசணி எல்லாவற்றையும் நாலு மணிக்கே முற்றத்தில், பிள்ளையின் கண்முன்னே செய்துவிடலாம். சின்னப் பிள்ளையை அதிகம் உலுக்குவது பேய் உருவமல்ல. தெரிந்த முகம் சட்டென்று தெரியாத முகமாவதுதான்.

இரண்டு, மூன்று வயதில், முகமூடிக்குள் இருப்பது சித்தப்பாதான் என்று சொன்னாலும் மனம் ஏற்காது. ஆகவே முகமூடியை மாட்டிக்கொண்டு யாரும் அறைக்குள் வரக் கூடாது. முதலில் மேசைமேல் வையுங்கள். பிள்ளை தொட்டுப் பார்க்கட்டும். பிறகு கையில் பிடித்து, பாதி முகத்தை மட்டும் மறைத்துப் பேசிக்கொண்டே இருங்கள். குரல் நிற்கக் கூடாது. பிள்ளை பின்வாங்கினால் அன்றைக்கு அவ்வளவுதான். "ஒண்ணுமில்லடா, பாரு" என்று முகத்தருகே கொண்டுபோவதுதான் பயத்தை வேரூன்ற வைக்கிறது.

ஹாலோவீனுக்கு முகம் செதுக்கிய விளக்கு செய்ய, அயர்லாந்தில் முன்பு டர்னிப் கிழங்கைக் குடைந்தார்கள். அமெரிக்காவில்தான் அது பூசணியானது. நமக்குச் சந்தையில் கிடைக்கும் ஜிரோமோன் என்ற பூசணி இருக்கிறது. இரண்டரை கிலோ போதும். தோல் கெட்டி, கத்தி வழுக்கும். வெட்டுவது பெரியவர் வேலை, விதை வழிப்பது பிள்ளை வேலை. சுவர் ஓர் அங்குலம் நிற்கும்படி சுரண்டுங்கள். அதைவிடத் தடித்தால் வெளிச்சம் சரியாக வெளியே வராது, மெலிந்தால் பல் சரிந்துவிடும். நம் புழுக்கத்தில் சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும். அன்றன்றைக்கே குடைவதுதான் சரி. உள்ளே பேட்டரி விளக்கு வையுங்கள். மெழுகுவர்த்தி ஆடும்போது சுவரில் நிழலும் ஆடும்; பயம் அங்கிருந்துதான் தொடங்கும். நைலான் துணி வேஷத்தில் தீ பற்றும் ஆபத்து வேறு. (2024இல் தீபாவளியும் அதே நாளில் வந்தது, வாசலெல்லாம் அகல்விளக்கு.) சுரண்டிய சதையைக் கறி வையுங்கள், காவடிக்குச் சமைக்கும் ஏழு கறியில் வருகிற அதே பக்குவத்தில்.

1994 பிப்ரவரியில் ஹொலாண்டா புயலுக்குப் பின், மின்சாரமில்லாத இரவுகளில் பரவிய 'தூனி மின்வி' (நள்ளிரவில் அம்மணமாக வரும் மனிதன்) வதந்தியைத் தாத்தா பாட்டிமார் இன்னும் மறக்கவில்லை. படுக்கப்போகும் நேரத்தில் அதைச் சொல்லாதீர்கள். பெரிய பிள்ளைகளுக்குப் பகலில் சொல்லலாம். புயல், இருட்டு, வாய்வழிச் செய்தி மூன்றும் சேர்ந்து எப்படி ஊரையே விழித்திருக்க வைத்தன என்பதையும் சேர்த்துச் சொன்னால், பயம் புரிதலாக மாறும்.

இரவில் அலறினால் நேரத்தைப் பாருங்கள். விடியலை ஒட்டி விழித்து, கனவைச் சொல்லி அழுதால் அது கெட்ட கனவு: அணைத்துக்கொள்ளுங்கள், பாட்டி திருநீறு பூசிவிடட்டும், விளக்கு எரியட்டும். தூங்கிய இரண்டு, மூன்று மணி நேரத்துக்குள் கண் திறந்தபடி அலறி, உங்களையே அடையாளம் தெரியாமல் தள்ளினால் அது வேறு. பிள்ளை இன்னும் தூக்கத்தில்தான் இருக்கிறது. எழுப்பாதீர்கள், எழுப்பினால் குழப்பம் கூடும். கட்டிலிலிருந்து விழாமல் பார்த்துக்கொண்டால் பெரும்பாலும் சில நிமிடங்களில் தானே அடங்கும், காலையில் நினைவும் இருக்காது. அடிக்கடி வந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். எத்தனை மணிக்கு வந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது என்று குறித்துக்கொண்டு போங்கள்.