செஸ் ஆடுறவங்க தனி ரகமா? தர்மபுரியிலிருந்து ஒரு கற்றுக்குட்டியின் குறிப்பு

நாற்பதைத் தாண்டியபின் செஸ்ஸை ஒழுங்காகக் கற்றுக்கொள்ள இறங்கியிருக்கிறேன். காய் நகர்த்தச் சின்ன வயதிலேயே தெரியும். 2022-ல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது கொஞ்சம் ஆசை வந்து அடங்கியது. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் டிங் லிரெனை வென்று 18 வயது குகேஷ் உலக சாம்பியன் ஆனதும் மறுபடி கிளம்பியது. இந்த முறை அடங்கவில்லை.

செஸ்காரர்கள் தனி ரகம், அவர்களுக்கென்று தனிப் பழக்கவழக்கம் உண்டு என்று நண்பன் ஒருவன் அடிக்கடி சொல்வான். எங்கள் பக்கத்துக்கு அது பொருந்துமா என்று பார்க்கும் எண்ணமும் கற்றுக்கொள்ளும்போது கூடவே வந்துவிட்டது. அதனால் இந்தக் குறிப்பில் என் ஆட்டத்தைவிட ஆடுகிறவர்களைப் பற்றித்தான் அதிகம் இருக்கும்.

மே: டீக்கடைப் பலகை

தர்மபுரி நான்கு ரோட்டுக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு டீக்கடையை ஒட்டிய திண்ணையில் சாயங்காலம் பலகை விரிப்பார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் அங்கே அசைக்க முடியாத ஆள். அவர் ஆடுவது நாட்டுக் கணக்கு. சிப்பாய் முதல் நகர்விலும் ஒரே கட்டம்தான். ராஜாவையும் யானையையும் இடம் மாற்றிக் கோட்டை கட்டுவது கிடையாது. அதற்குப் பதில், அதுவரை செக் வாங்காத ராஜா ஆட்டத்தில் ஒரே ஒரு தரம் குதிரை மாதிரித் தாவலாம். கடைசிக் கட்டம் போன சிப்பாய் எந்தக் காயின் வரிசையில் ஏறியதோ அந்தக் காயாகத்தான் மாறும்.

கிண்டலாக நினைக்க வேண்டாம். பஞ்சாபின் மீர் சுல்தான் கானும் இப்படிப்பட்ட நாட்டு விதிகளில் வளர்ந்தவர்தான். 1929-ல் இங்கிலாந்து போய் அந்த வருடமே பிரிட்டிஷ் சாம்பியன் ஆனார்; 1932, 1933-லும் ஜெயித்தார். உலக செஸ் சம்மேளனமான ஃபிடே அவருக்கு கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் கொடுத்தது 2024-ல், அவர் இறந்து பல பத்தாண்டுகள் கழித்து.

திண்ணை ஆட்டத்தில் ஆடுகிறவர் இரண்டு பேர் என்பது பேருக்குத்தான். சுற்றி நிற்கிறவர்கள் எல்லோரும் ஆடுகிறார்கள். "ஏன் கண்ணு, யானைய அங்க வெக்கிற? குதிர வருது பாரு" என்று பெரியவரே எதிராளிக்குச் சொல்வார். சொல்லிவிட்டு அடுத்த நகர்வில் வேறு காயை வெட்டுவார். வைத்த காயைத் திரும்ப எடுக்கலாம். "செக்!" என்று தெருவுக்கே கேட்கும். ஆட்டம் முடிந்த நொடியில் காய்களை வாரி மறுபடி அடுக்கிவிடுவார்கள். தோற்றவர் டீ வாங்கித் தர வேண்டும்.

ராத்திரியில் போனில் பத்து நிமிட ஆட்டங்களும் ஆடினேன். எதிரே ஒரு கொடி, ஒரு புனைபெயர். தோற்றால் அடுத்த ஆள். நூறு பேரோடு ஆடினாலும் யாரையும் தெரியாது. செயலியைப் பற்றி எழுத எனக்கு வேறெதுவும் இல்லை.

ஜூன்: கிருஷ்ணகிரி

மாம்பழக் காலத்தில் கிருஷ்ணகிரியில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் எந்த வயதினரும் ஆடக்கூடிய ஓபன் போட்டி. பதிவு மேசையில் இருந்தவர் தலை நிமிராமல் கேட்டார்: "பையன் பேரு, பிறந்த தேதி சொல்லுங்க சார்."

"நான்தாங்க ஆடப் போறேன்."

நிமிர்ந்து ஒரு பார்வை. பிறகு ரசீது கிழித்துக் கொடுத்தார்.

முதல் சுற்றில் எதிரே உட்கார்ந்த பையனுக்குக் கால் தரையில் எட்டவில்லை. ஆனால் அவன் செய்ததெல்லாம் பத்து வருட அனுபவஸ்தன் மாதிரி இருந்தது. "அட்ஜஸ்ட்" (ஆட அல்ல, சரிசெய்யத்தான் தொடுகிறேன்) என்று சொல்லிவிட்டு இரண்டு குதிரைகளையும் ஒரே பக்கம் பார்க்கத் திருப்பி வைத்தான். நகர்வுகளை எழுதும் தாளில் என் பெயரை எழுத்துக்கூட்டி எழுதினான். கை கொடுத்தான். காயை நகர்த்திய கையாலேயே கடிகாரத்தைத் தட்டினான், அதற்குப் பிறகுதான் நகர்வை எழுதினான். தொட்ட காயைத்தான் ஆட வேண்டும். வாய் திறக்கக் கூடாது. செக் வைத்தால் "செக்" என்று சொல்ல வேண்டிய கட்டாயம் விதியில் இல்லை, அங்கே யாரும் சொல்வதுமில்லை. திண்ணைப் பழக்கத்தில் நான் ஒரு தரம் சொன்னபோது பக்கத்துப் பலகைப் பையன்கள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்கள்.

அவன் ஜெயித்தான். கை கொடுத்ததும், "ரேட்டிங் எவ்ளோ அங்கிள்?" என்றான். இல்லை என்றேன். அந்த உலகில் ரேட்டிங்தான், அதாவது ஆட்டத் திறனைச் சொல்லும் எண்தான், இன்ஷியல். ஆர்பாட் ஈலோ என்ற இயற்பியல் பேராசிரியர் போட்ட கணக்கை ஃபிடே 1970-ல் எடுத்துக்கொண்டது. 200 ரேட்டிங் புள்ளி அதிகம் உள்ளவர் நான்கு ஆட்டத்தில் சுமார் மூன்று புள்ளி எடுப்பார் என்பது அதன் எதிர்பார்ப்பு. ரேட்டிங் உள்ளவர்களோடு குறைந்தது 5 ஆட்டம் ஆடினால்தான் முதல் ரேட்டிங்கே வரும். 2024 மார்ச்சிலிருந்து அதன் அடிமட்டம் 1400. பையன்கள் ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிப் பேசுவதைவிட "அந்த 1580" என்று பேசுவதுதான் அதிகம்.

அடுத்து அவன் செய்ததுதான் எனக்குப் புதிது. "வாங்க அங்கிள், பாக்கலாம்" என்று வெளியே வராந்தாவில் இன்னொரு பலகையை விரித்தான். தாளைப் பார்க்காமலே முழு ஆட்டத்தையும் அடுக்கிக் காட்டி, "இங்க நீங்க பிஷப்ப எடுத்திருந்தா எனக்குக் கஷ்டம்" என்றான். போஸ்ட்மார்ட்டம் என்கிறார்கள். இந்த ஞாபகசக்தியைப் பற்றி 1973-ல் சேஸ், சைமன் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஆய்வே செய்திருக்கிறார்கள். நிஜ ஆட்டத்தின் நிலையைச் சில நொடி காட்டினால் தேர்ந்த ஆட்டக்காரர் பெரும்பாலும் அப்படியே திரும்ப அடுக்குவார். காய்களைத் தாறுமாறாக வைத்துக் காட்டினால் அவருக்கும் கற்றுக்குட்டிக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது.

சற்று முன் தோற்கடித்தவனும் தோற்றவனும் சேர்ந்து உட்கார்ந்து, எப்படி ஜெயித்திருக்கலாம் என்று தோற்றவனுக்காகத் தேடும் வழக்கத்தை நான் கபடியிலும் பார்த்ததில்லை, கிரிக்கெட்டிலும் பார்த்ததில்லை. செஸ்காரர்கள் தனி ரகம் என்றால் அதற்கு இதை மட்டும்தான் சாட்சியாகச் சொல்வேன். உடையில் அடையாளம் இல்லை, பேச்சில் இல்லை. தர்மபுரி பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தாலும் தெரியாது. கடிகாரம் ஓடும்போதும், அது நின்ற பிறகு ஒரு அரைமணி நேரமும்தான் அந்த ரகம் கண்ணில் படுகிறது.

மரத்தடி

இதைவிட வலுவான கூட்டம் ஹாலுக்கு வெளியே வேப்ப மரத்தடியில் இருந்தது: பெற்றோர்கள். காவேரிப்பட்டினம், பாலக்கோடு, ஓசூர் என்று எங்கெங்கிருந்தோ விடியற்காலையில் கிளம்பி, டிபன் பாக்ஸ், பாய், பவர் பேங்க் சகிதம் வந்திருந்தார்கள். நான் பேசிய பலருக்குக் குதிரை எப்படிப் போகும் என்றே தெரியாது. ஆனால் சமப் புள்ளி வந்தால், எதிராளிகள் எடுத்த புள்ளிகளைக் கூட்டிப் பார்க்கும் பக்ஹோல்ஸ் கணக்கில் யார் முன்னே வருவார் என்பதை விரல் விட்டுச் சொல்கிறார்கள். எந்த ஊர்ப் போட்டியில் யாரோடு யார் என்று ஜோடி சீக்கிரம் போடுவார்கள், எந்த ஹாலில் கழிப்பறை சரியில்லை, எந்தக் கோச் எவ்வளவு வாங்குகிறார், எல்லாம் அத்துப்படி. ஓசூர்க்காரர்களைப் பார்த்து மற்றவர்களுக்குக் கொஞ்சம் பொறாமை, பெங்களூர்ப் போட்டிகளுக்கு ஒரு எட்டில் போய் வந்துவிடுகிறார்கள் என்று.

பிரக்ஞானந்தாவின் அம்மா நாகலட்சுமி போட்டிக்குப் போகும் இடமெல்லாம் குக்கர் எடுத்துப் போய்ச் சமைத்துக் கொடுப்பதும், காது மூக்கு தொண்டை மருத்துவரான குகேஷின் அப்பா மகனோடு ஊர் ஊராகப் போக வேண்டித் தொழிலையே நிறுத்தியதும் இந்த மரத்தடியில் வேதவாக்கு.

எனக்கு ஒரு வருத்தமும் உண்டு. போஸ்ட்மார்ட்டம் தேய்வது இந்த மரத்தடியில்தான். பையன் வெளியே வந்ததும் "வின்னா, லாஸா?" என்ற கேள்வி. தாள் கோச்சுக்குப் போட்டோவாகப் போகிறது. அல்லது யார் கை எவ்வளவு ஓங்கியிருக்கிறது என்று எண்ணில் சொல்லும் கணினி எஞ்சினில் அப்பா நகர்வுகளை ஏற்றுகிறார். "இருபத்திரெண்டாவது மூவ்ல ப்ளஸ் மூணு இருந்துச்சே, எப்படிடா விட்ட?" பையனிடம் பதில் இல்லை. எதிரே ஆடியவனுக்குத்தான் அது தெரிந்திருக்கும். அவன் மரத்தின் அந்தப் பக்கம் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

ஆகஸ்ட்: திண்ணையில் ஒரு சோதனை

போஸ்ட்மார்ட்டத்தைத் திண்ணைக்குக் கொண்டுவந்து பார்த்தேன். என் ஆட்டத்தை எழுதி வைத்து, முடிந்ததும் திரும்ப அடுக்கினேன். "முடிஞ்ச ஆட்டத்த எதுக்குக் கண்ணு கிளர்ற? அடுத்தத ஆடு" என்றார் பெரியவர். கூட்டமும் கலைந்தது. ஒரு ஆட்டோக்காரர் மட்டும் நின்று பார்த்தார். அவர் இப்போது நோட்டேஷன், அதாவது நகர்வுக் குறிப்பு, எழுதுகிறார்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, போட்டிகளுக்குப் போகும் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவனைக் கூட்டி வந்தேன். பெரியவரின் ராஜா தாவியதும் "இல்லீகல் மூவ்!" என்று கையைத் தூக்கிவிட்டான், நடுவரைக் கூப்பிடுகிற மாதிரி. திண்ணையே சிரித்தது. கடைசியில் நாட்டுக் கணக்கில் ஒன்று, ஃபிடே கணக்கில் ஒன்று என்று பேசி முடித்தார்கள். ஆளுக்கு ஒன்று ஜெயித்தார்கள்.

பையன் விடவில்லை. "தாத்தா, அந்த முதல் ஆட்டம், எங்க விட்டேன்?" என்றான். தாள் இல்லை, எழுதவும் இல்லை. பெரியவர் கொஞ்ச நேரம் பலகையையே பார்த்தார். பிறகு மளமளவென்று நடு ஆட்டத்தை அடுக்கி, "இங்க. உன் குதிர இங்க நின்னுச்சு. இத நகத்தாம இருந்திருந்தா என் ராஜாவுக்குத் தாவ எடமே இல்ல" என்றார். இருவரும் அதிலேயே ஒரு டீ நேரத்துக்கும் மேல் உட்கார்ந்திருந்தார்கள்.

என் ஆட்டத்தின் நிலவரம்: ஓப்பனிங் பரவாயில்லை. யானைகள் மட்டும் மிஞ்சும் கடைசி ஆட்டத்தில் இன்னும் உதை வாங்குகிறேன். கடிகாரம் ஐந்து நிமிடத்துக்குக் கீழே வந்தால் எழுத்து கோணுகிறது. அடுத்து ஓசூரில் ஒரு ரேட்டட் போட்டிக்குப் பணம் கட்டிவிட்டேன். வராந்தாவில் விரிக்க ஒரு மடக்குப் பலகையும் வாங்கியாயிற்று. பெரியவரையும் கூப்பிட்டிருக்கிறேன். ராஜா தாவ விடுவார்களா என்று கேட்டார், விடமாட்டார்கள் என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.