எல்லா மாற்றமும் 'சேஞ்ச்' இல்லை

மட்டக்களப்புத் தையல் கடைகளில் 'ஒல்டரேஷன்' என்று எழுதியிருப்பது சரியான ஆங்கிலம். உடுப்பு அதே உடுப்பாக இருக்க, இடுப்பைப் பிடிப்பதோ நீளத்தைக் குறைப்பதோதான் ஒல்டர். 'ஐ சேஞ்ச்ட் மை ஷர்ட்' என்றால் நீங்கள் வேறு சட்டை போட்டுவிட்டீர்கள் என்றே கேட்பவர் எடுப்பார்.

மாற்றத்தைச் சொல்லும் மற்ற ஆங்கிலச் சொற்களை விளங்க ஒரு மோட்டார் சைக்கிள் போதும். கிளச் கேபிள் நட்டைத் திருகித் தளர்வைச் சரிபார்ப்பது அட்ஜஸ்ட்; மறுபக்கம் திருகினால் பழையபடி வந்துவிடும். தேய்ந்த டயரைக் கழற்றிப் புதியது போடுவது சேஞ்ச். சைலன்சரை வெட்டி ஒட்டுவது மொடிஃபை: வண்டி அதேதான், அமைப்பு வேறு. பெற்றோல் எஞ்சினை இறக்கிவிட்டு மோட்டரும் பற்றரியும் பூட்டினால் கன்வேர்ட். என்னவாக மாறியது என்பதைச் சொல்ல அதற்குப் பின்னால் 'டு' அல்லது 'இன்டு' வேண்டும்.

அமென்ட் எழுத்தில் உள்ளதற்கே உரியது: சட்டம், ஒப்பந்தம், சங்கத்தின் யாப்பு. இலங்கை அரசியலமைப்புக்கு 1987இல் வந்த 13ஆவது திருத்தம் ஓர் அமென்ட்மென்ட். சட்டையை அமென்ட் பண்ணேலாது.

ரிவைஸில்தான் மிகக் கவனம் தேவை. உயர்தரம் படிக்கும் பிள்ளை 'ஐ ஆம் ரிவைசிங்' என்றால் பாடத்தை மீட்டுகிறார். கட்டுரை எழுதுபவர் சொன்னால் வரைவைத் திருத்துகிறார். அமெரிக்கரிடம் முதலாவது பொருள் எடுபடாது. அவர்களோடு கதைக்கும்போது ரிவியூ என்று சொல்லுங்கள்.