சுக்குவும் ஓட்டமும்

ஏப்ரல் 4
ஓட்டம் இப்போதைக்கு இல்லை. மின்தூக்கிக் கதவு திறந்தாலே என் நாய் சுக்கு தரையோடு ஒட்டிக்கொள்கிறது. முதலில் அது பழகட்டும்.

ஏப்ரல் 6
கவலையெல்லாம் நாயின் உடம்பில் மாட்டும் வார்க்கட்டு, அதாவது ஹார்னஸ் மேல்தான். தெருவில் வளர்ந்த நாய் மிரண்டால் முன்னால் இழுக்காது. தலையைத் தாழ்த்திப் பின்னால் போகும். தோள் ஒடுங்கும், சாதாரண ஹார்னஸ் தலைவழியே கழன்றுவிடும். விலாவுக்குப் பின்னால், வயிறு ஒடுங்கும் இடத்தில் மூன்றாவது வார் உள்ளதுதான் வேண்டும். வாங்கியதும் கதவைச் சாத்திவிட்டு, நாய்க்கு எதிரே நின்று மெதுவாக நம் பக்கம் இழுத்துப் பார்க்கணும். வாருக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு விரல் போகலாம். அதற்கு மேல் இடம் இருந்தால் தளர்ச்சி.

கூடவே, இழுத்தால் ஓரளவு மட்டும் இறுகும் மார்ட்டிங்கேல் கழுத்துப்பட்டை. கயிறு இரண்டிலும் மாட்டியிருக்கணும். ஒன்று கழன்றாலும் மற்றது பிடிக்கும். நீண்டு சுருங்கும் சுருள்கயிறு வேண்டவே வேண்டாம். கைப்பிடி நழுவினால் தடதடவென்று பின்னாலேயே வரும், பயந்த நாய் அந்தச் சத்தத்துக்கே தலைதெறிக்க ஓடும்.

ஏப்ரல் 8
நாய் உரிமத்தை என் பெயருக்கு மாற்றியாயிற்று. பதிவில் பழைய தொலைபேசி எண் கிடந்தால் மைக்ரோசிப்பால் என்ன பயன்?

ஏப்ரல் 14
புத்தாண்டு. வீடு நிறைய ஆள். சுக்கு கட்டிலடியில். வருவோர் போவோரில் கேட்டைத் திறந்தே விடுகிறவர் ஒருவராவது இருப்பார். பூட்டு, சாவி என் பையில்.

ஏப்ரல் 15
பல்லைப் பார்த்து ஒரு வயது இருக்கும் என்கிறார் மருத்துவர். எலும்பு முனைகள் முற்றும்வரை நீண்ட ஓட்டம் கூடாது. பெரிய நாய்களுக்கு அது ஒன்றரை வயதுவரைகூட ஆகலாம். ஆக, நடைதான் அதிகம்.

ஏப்ரல் 19
காலைக் குளிர்ச்சியை நம்பக் கூடாது. விடியலுக்கு முன் சிங்கப்பூரில் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும். நாய்க்குப் பாதத்தில் மட்டும் சொற்ப வியர்வை. மற்றபடி மூச்சிரைத்து, நாக்கிலும் வாயிலும் உள்ள ஈரம் ஆவியானால்தான் சூடு இறங்கும். காற்றே நனைந்திருந்தால் ஈரம் எங்கே போகும்?

இருந்தாலும் காலைதான் நல்லது. வெயில் இல்லை, தரை இரவெல்லாம் ஆறியிருக்கும். மாலை ஆறு மணிக்கும் சிமெண்டு சுடும். புறங்கையை 7 விநாடி வைக்க முடியவில்லை என்றால் வீட்டுக்குத் திரும்பு.

நாக்கைப் பார்த்துக்கொண்டே இருக்கணும். நுனி கரண்டி மாதிரி அகன்று தொங்கினால் நட. ஈறு செக்கச்செவேல் என்று ஆகி, எச்சில் பசையாகி, கால் தள்ளாடினால் வெப்பத்தாக்கு: உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்று, விசிறு, குளிர்விக்கத் தொடங்கிவிட்டு மருத்துவரிடம் ஓடு. ஈரத்துண்டைப் போர்த்தி விடாதே, சூட்டை அடைத்துவைக்கும்.

ஏப்ரல் 20
இடி. வெளியே போகவில்லை.

ஏப்ரல் 26
காலாங் ஆற்றோரப் பூங்கா இணைப்புப் பாதை. ஐந்து நிமிட நடை, பிறகு ஒரு நிமிட ஓட்டம், இரண்டு நிமிட நடை, இப்படியே நான்கு சுற்று, கடைசியிலும் நடை. இடது ஓரம், புல் பக்கம் நாய். சைக்கிள் இங்கே மணிக்கு 25 கி.மீ. வரை வரலாம், குறுக்கே கயிறு நீண்டால் இருவருக்கும் ஆபத்து. கயிற்றை இடுப்பு பெல்ட்டில் மாட்டுவது இப்போது வேண்டாம். மிரண்டு ஒரு இழு இழுத்தால் ஆள் குப்புற விழுவார். கையில் சுற்றிக்கொள்வதும் தப்பு, விரல் போகும்.

நீர்நாய்க் குட்டிகள் கண்ணில் பட்டால் ஓட்டத்தை அங்கேயே நிறுத்தி வந்த வழியே திரும்பணும். குட்டியோடு இருக்கும் கூட்டம் பாய்ந்து கடிக்கும்.

ஏப்ரல் 29
மூன்றாவது வார் தளர்ந்திருக்கிறது! கொக்கி வழுகுகிறது. இனி ஒவ்வொரு முறையும் கதவருகே அதே இழுவைச் சோதனை.

மே 2
சாப்பாடு ஓட்டத்துக்குப் பிறகுதான், மூச்சு சீராகி ஒரு மணி நேரம் கழித்து. நிறைந்த வயிற்றோடு ஓடவிட்டால், நெஞ்சு ஆழமான நாய்களுக்கு இரைப்பை முறுக்கும் அபாயம் கூடும். தண்ணீர் வழியிலேயே சிறிது சிறிதாக, நம் போத்தலிலிருந்து. குட்டைத் தண்ணீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம்.

மே 3
விரல் இடுக்கில் உண்ணி ஒன்று. நுண் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேரே மேலே இழு, நசுக்காதே. காது மடிப்பையும் அக்குளையும் பார்க்கணும்.