டூர் போவதற்கு முன்னால் கையில் எத்தனை நிமிடம்?

தமிழ் ஸ்டாண்டப் காமெடியில் கொஞ்சம் பெயர் கிடைத்ததும் பலர் கேட்பது, "மதுரையில எந்த ஹால் கிடைக்கும்?" என்றுதான். ஹால் கிடைக்கும். உங்களிடம் எத்தனை நிமிடம் இருக்கிறது?

யார் வேண்டுமானாலும் ஏறிச் சொல்லிப் பார்க்கும் ஓப்பன் மைக் மேடையில் கிடைப்பது 4-5 நிமிடம். எந்த அறையில் சொன்னாலும் சிரிப்பு வாங்கும் 5 நிமிடம் தேறவே பல மாதம் ஆகும். அது 15 ஆக வேண்டும், பிறகு 30, பிறகு 60. ஒரு மணி நேர ஷோவுக்கு 75 நிமிடச் சரக்கு வேண்டும், ஏனென்றால் ஊருக்கு ஊர் ஏதாவது ஒரு பிட் (ஒரே விஷயத்தைச் சுற்றிய ஜோக் தொகுப்பு) படுத்துவிடும். சென்னை ஓஎம்ஆர் சாலை நெரிசலை வைத்து எழுதியது திருப்பூரில் போகாது. ரேஷன் கடை எங்கும் போகும்.

ஒவ்வொரு செட்டையும், அதாவது மேடையில் ஒருமுறை சொல்வது முழுவதையும், போனில் பதிவு செய்து மறுநாளே கேளுங்கள். 30 விநாடி சிரிப்பில்லாமல் போகும் இடத்தைக் குறித்து வெட்டுங்கள். பெரும்பாலும் அங்கே ஜோக் மோசமாக இருக்காது, சொல் வரிசைதான் தப்பாக இருக்கும். தமிழில் வினைச்சொல் கடைசியில் வரும். சிரிப்போ பல நேரம் பெயர்ச்சொல்லில் இருக்கும். "மாமனார்தான் அந்தக் கார வித்துட்டாரு" என்றால் 'மாமனார்' முதலிலேயே உடைந்துவிடும், மீதி வாக்கியம் சிரிப்பை மிதிக்கும். "அந்தக் கார வித்தது யாருன்னா... மாமனார்" என்று திருப்பிப் போடுங்கள். இந்த ஒரு வேலையை முழு செட்டுக்கும் செய்தால் கிடைக்கும் வித்தியாசம் பெரிது. தரத்தில் இரண்டாவதாக நிற்கும் பிட்டில் தொடங்கி, ஆக நல்லதில் முடியுங்கள்.

அறை விஷயத்தில் சமரசம் வேண்டாம். 100 பேரை 400 இருக்கை ஹாலில் உட்கார வைத்தால் சிரிப்பு பரவாது. அவரவர் தனித்தனியாகச் சிரித்து அடங்கிவிடுவார்கள். பின்வரிசைகளுக்கு ரிப்பன் கட்டி, எல்லோரையும் முன்னால் இழுங்கள். மேடையில் வெளிச்சம், பார்வையாளர் பக்கம் இருட்டு. கஃபே என்றால் கடைசி 15 நிமிடத்தில் பில் கொடுக்கக் கூடாது என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்; பர்ஸ் திறந்தால் காது மூடிக்கொள்ளும். எதிரொலிக்கும் மண்டபத்தில் வேகத்தைக் குறைக்காவிட்டால் ஒவ்வொரு வரியின் முதல் சொல்லும் காணாமல் போகும். மைக் ஒயர் உள்ளதாக இருக்கட்டும். ஸ்பீக்கருக்கு முன்னால் நின்றால் கீச்சிடும். அலெக்சாண்டர் பாபு போலப் பாட்டையும் கலப்பவர்கள் சவுண்ட் செக்குக்குக் கூடுதல் நேரம் கேட்டு வாங்க வேண்டும்.

கணக்கு, உதாரணத்துக்கு: டிக்கெட் 399 ரூபாய், விற்கும் தளத்துக்கு 10% போனால் கைக்கு 359. ஹால், சவுண்ட் 15,000, இரண்டு பேருக்குப் பயணம் 4,000, அறை 3,000, உங்களுக்கு முன் மேடையேறும் ஓப்பனருக்கு 3,000, விளம்பரம் 4,000. மொத்தம் 29,000. அதாவது 81வது டிக்கெட்டில்தான் போட்ட பணம் திரும்பும். 100 விற்றால் ஏறக்குறைய 6,900 மிஞ்சும். 60 விற்றால் ஏறக்குறைய 7,500 நஷ்டம். அதனால் புது ஊருக்கு முதல்முறை போகும்போது வாடகைக்குப் பதில் வசூலில் பங்கு எடுத்துக்கொள்ளச் சொல்லி ஹாலிடம் கேளுங்கள்.

செலவைக் குறைக்க ஊர்களைக் கோர்க்க வேண்டும். சென்னையிலிருந்து வெள்ளி சேலம், சனி கோவை, ஞாயிறு மாலை திருப்பூர், அங்கிருந்தே இரவு ரயில். ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கிறது. தேதியை அதற்குள் உறுதி செய்தால்தான் பெர்த்.

கம்பெனி ஷோக்கள்தான் பலருக்கு டூர் செலவைத் தாங்குகின்றன. பொதுவாக 10% டிடிஎஸ் (முன்கூட்டியே கட்டும் வருமான வரி) பிடித்துத் தருவார்கள்; வருமான வரித் தளத்தில் உங்கள் பெயரில் அது ஏறியதா என்று பாருங்கள். நாட்டுப்புற, செவ்வியல் கலைஞர்களுக்கான ஜிஎஸ்டி விலக்கு ஸ்டாண்டப்புக்கு வராது. ஆண்டு வரவு 20 லட்சம் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம்.

யூடியூபில் போட்ட பிட்டை டூரில் சொன்னால் முன்வரிசையே சிரிப்பு வரியை உங்களுக்கு முன்னால் சொல்லிவிடும். விளம்பரத்துக்கு க்ரவுட் வொர்க் (பார்வையாளரோடு அப்போதைக்கு அப்போது பேசிச் சிரிக்க வைப்பது) கிளிப்களைப் போடுங்கள். எழுதிய சரக்கு செலவாகாது.

சிங்கப்பூர், மலேசியா அழைப்பு வந்தால் சுற்றுலா விசாவில் கிளம்பிவிடாதீர்கள். சிங்கப்பூரில் ஐஎம்டிஏ என்ற அரசு அமைப்பின் உரிமம், மலேசியாவில் வெளிநாட்டுக் கலைஞர்களுக்கான புஸ்பால் என்ற அரசு அமைப்பின் அனுமதி. இவற்றை வாங்க வேண்டியது அமைப்பாளர். வாங்கிவிட்டதற்கான நகல் கைக்கு வந்த பிறகே போஸ்டரைப் பகிருங்கள்.